இருவரும் ஒருவரே

என் கணவருக்குக் கொல்லிமலை அரசுப் பள்ளிக்கு மாற்றல் வந்தபோது நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறினேன். எடப்புளி நாடு என்ற மலைப் பஞ்சாயத்துப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரிக்கு டாக்டர் தேவைப்பட்டது. எனக்கு வேலை தேவைப்பட்டது. நேர்முகத் தேர்வு என்று ஒன்றும் நடக்கவில்லை. "பஸ் பிரயாணம் ஒத்துக்குமுங்களா?" என்று கேட்டார்கள். ஒத்துக்கொள்ளும் என்றேன். அவ்வளவுதான்.

நான் படித்தது அவசர சிகிச்சை மருத்துவம். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி. மாரடைப்பு, பாம்புக்கடி, விபத்து, மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரி வாசலில் எது வந்து விழுந்தாலும் முதல் ஒரு மணி நேரம் அந்த உயிரைப் பிடித்து வைத்திருப்பது எங்கள் வேலை. இதை நகரத்திலேயே யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. என் சித்தி இன்றுவரை நான் எந்த உறுப்பையும் உருப்படியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் புதுப் பலகை எழுதி மாட்டினார்கள். என் பெயருக்குக் கீழே 'அவசர மருத்துவர்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. முதல் வாரமே முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் வந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸ் அக்கா பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏனுங்க, எனக்கு அவசரம் ஒண்ணுமில்லீங்க. சாயங்காலம் வரைக்கும் வேணும்னாலும் உக்காந்திருக்கறேன். நிதானமாப் பாக்குற டாக்டரு யாராச்சும் இருக்காங்களா?"

நர்ஸ் அக்கா பக்கத்துச் சிற்றூர்க்காரர். இருபது வருடமாக அங்கே வேலை செய்கிறவர். எனக்கு முன்னால் ஏழு டாக்டர்கள் வந்து போனதைப் பார்த்திருந்தார். சிரிக்காமல் சொன்னார்: "இவங்களே நிதானமாவும் பாப்பாங்க. உக்காருங்க."

அன்றிலிருந்து நான் 'அவசர டாக்டரம்மா' ஆனேன். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அங்கே என்னை அதிகம் வருத்தியது வேறொரு விஷயம். மலையில் அநேகமாக எல்லா வீட்டிலும் அரசாங்கக் காப்பீட்டு அட்டை உண்டு. பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார்கள். நோயாளியைப் படுக்க வைத்ததும் கூட வந்தவர் அதை எடுத்து நீட்டி, "இது இங்க செல்லுமுங்களா?" என்பார். செல்லாது என்று நாங்கள் சொல்ல வேண்டும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் நாங்கள் இல்லை. முதலுதவி செய்து, ஓரளவு தேற்றி, பிறகு அதே நோயாளியை எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் காரவள்ளி வழியாகக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்போம். நாங்களே பார்க்கக்கூடிய வியாதியாக இருந்தாலும் இதே கதைதான். சிலர் வளைவுகளுக்குப் பயந்துகொண்டே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பட்டியலில் சேர்வதற்கு அறக்கட்டளை முன்பே இரண்டு முறை விண்ணப்பித்திருந்தது. மேற்படிப்புப் படித்த டாக்டர் யாரும் இல்லை என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது நான் இருந்தேன். மூன்றாவது விண்ணப்பம் போனது. நேரில் ஆய்வு செய்ய அதிகாரி வருகிறார் என்று பதில் வந்தது. கூடவே ஆஸ்பத்திரியில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில்: 'மருத்துவரின் அசல் சான்றிதழ்கள்.' என் படிப்பைப் பற்றி அந்த மலையில் யாரோ அக்கறையோடு கேட்டது அதுவே முதல் தடவை. சித்திக்கு போன் செய்து சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரி கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்தோம். தீயணைப்புக் கருவியின் மேல் துணி உலர்த்துவதை நிறுத்தினோம். நான்கு நிறத்தில் குப்பைத்தொட்டி வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் இருந்தன. நீலத்தைக் காணோம். நர்ஸ் அக்கா தேடிக் கண்டுபிடித்தபோது அது சமையலறையில் இட்லி அரிசியை ஊறவைத்துக்கொண்டிருந்தது.

"புதுசாத்தான் வந்துச்சுங்க மேடம். குப்பைக்குப் போடறதுக்கு மனசு வரல" என்றார் சமையல்கார அம்மா.

ஆய்வு நாள் வந்தது. அதிகாரி காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வாசலில் கோலம். நர்ஸ் அக்கா கஞ்சி போட்ட சீருடையில், கையில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டோடு நின்றார். என் சான்றிதழ்கள் மேசைமேல் ஒரு கோப்பில், அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டு, காற்றில் பறந்துவிடாமல்.

பத்தே முக்காலுக்கு ஒரு பிக்அப் வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. ஓட்டிவந்தவர் எங்களுக்குத் தெரிந்த மிளகுத் தோட்டக்காரர். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைக் கீழே சேந்தமங்கலத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு மலையேறி வந்தவர். பின்னால் காலிச் சாக்குகளின் மேல் ஒரு மனிதர் கிடந்தார். முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. உதடு எது, மூக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"குளவிங்க!" என்று கத்தினார் தோட்டக்காரர். "வளைவுல காரை நிறுத்திப்போட்டு, ஓரமாப் போயி வாந்தி எடுத்திருக்காருங்க. எடுத்தது நேராக் குளவிக்கூட்டு மேல போய் உழுந்திருக்குது. அதுக சும்மா உடுமா?"

நர்ஸ் அக்கா ஒரு கணம் கோலத்தைப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். "முன்னால வேண்டாமுங்க, பின்பக்கமாக் கொண்டு வாங்க. ஆபீசர் வர்ற நேரம்!"

பின்வாசல் வழியாகத் தூக்கி வந்தோம். நெருங்கிப் பார்த்ததும் எனக்கு வேடிக்கையெல்லாம் போய்விட்டது. உடம்பு முழுக்கத் தடிப்பு. மூச்சு விசில் போல இழுத்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. விஷத்தைவிட அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பே ஆளைக் கொன்றுவிடும் நிலை. இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் தொண்டை முழுசாக அடைத்திருக்கும். நான் வாயைத் திறக்கும் முன்பே நர்ஸ் அக்கா அட்ரினலின் ஊசியை நிரப்பி நீட்டினார். பேன்ட் துணியோடு சேர்த்தே தொடையில் போட்டேன். ஆக்சிஜன் வைத்தோம். காலை உயர்த்தினோம். சலைன் ஓடவிட்டோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இன்னொரு ஊசி. என் படிப்பு என்னவென்று கேட்டால் இதுதான். இதைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது.

மெல்ல மெல்ல விசில் சத்தம் குறைந்தது. கை சூடானது. அவர் உதடுகளை அசைத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நீங்க… என்ன… படிச்சிருக்கீங்க?"

"எம்.டி. சார். அவசர சிகிச்சை. பேசாமப் படுங்க."

"ஒரிஜினல்… இருக்கா?"

நர்ஸ் அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க சார், மூச்சே இப்பத்தான் வந்திருக்குது. அதுக்குள்ளார ஒரிஜினலு, ஜெராக்ஸுன்னு! உங்களுக்குப் போட்ட மருந்து ஒரிஜினலுங்க. அது போதாதுங்களா?"

அவர் சட்டைப் பையைத் தடவி ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். நர்ஸ் அக்கா அதை உரக்க வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் குரல் தேய்ந்தது. மூன்றாவது வரியில் நின்றே போனது. அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். வாசலில் வைத்திருந்த சந்தனத் தட்டோடு திரும்பி வந்தார். ஆனால் பொட்டு வைப்பதற்கு அந்த நெற்றியில் வீங்காத இடம் இல்லை. தட்டைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றுவிட்டு, தானே ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

குறைந்தது ஆறு மணி நேரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும், மறுபடி மூச்சு இழுக்க வாய்ப்பு உண்டு என்று அவரிடம் சொன்னேன். அவர் வருந்தியது மூச்சைப் பற்றி அல்ல.

"ஆய்வை இன்னிக்கே முடிக்கணும் டாக்டர். அறிக்கையில தேதி போட்டாச்சு."

"எழுந்திருக்கக் கூடாது."

"உத்தரவுல எழுந்து நடந்துதான் பாக்கணும்னு இல்ல" என்றார் அவர் யோசித்து.

மதியத்துக்கு மேல், நிலைமை சீராக இருக்கிறது என்று நான் திருப்தியான பிறகு, எங்கள் ஆஸ்பத்திரியின் ஆய்வு தொடங்கியது. சக்கரம் வைத்த கட்டிலில் அதிகாரி படுத்திருந்தார். மிளகுத் தோட்டக்காரர் கட்டிலைத் தள்ளினார். போகச் சொல்லியும் அவர் போகவில்லை. நர்ஸ் அக்கா சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். நான் படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அதிகாரியின் ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. இன்னொன்று கோடாகத் திறந்திருந்தது. பார்க்க வேண்டியவற்றை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

"இது பிரசவ ரூமுங்க சார்" என்றார் தோட்டக்காரர். "என்ற ரெண்டாவது பையன் இங்கதான் பொறந்தான். நல்ல ரூமுங்க."

"ஆக்சிஜன் வசதி உள்ளதா?" என்று நான் வாசித்தேன். அதிகாரி மூக்கில் இருந்த குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இருக்கு. குறிச்சுக்கங்க" என்றார்.

சமையலறை வாசலில் நீலத் தொட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கோட்டுக் கண்ணுக்கு நீலம் தெரியவில்லையோ என்னவோ.

வரவேற்பு மேசையருகே வந்ததும் அவர் திடீரென்று, "ஆமா, என் சிகிச்சைக்கு இங்க அரசாங்கக் கார்டு எடுத்துப்பீங்களா?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் கேட்டிருப்பார். கட்டில் நின்றது.

"நீங்க கையெழுத்துப் போட்டாத்தானுங்க சார்" என்றார் நர்ஸ் அக்கா.

எல்லாம் சரியாகவே போயிற்று. கடைசியாக என் சான்றிதழ்கள். நர்ஸ் அக்கா அவற்றை ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். எம்.பி.பி.எஸ். சரி. எம்.டி. சரி. மருத்துவ கவுன்சில் பதிவு சரி. பிறகு ஆதார் அட்டை. அதை நெடுநேரம் பார்த்தார். மறுபடி சான்றிதழைக் கேட்டார். மறுபடி ஆதார்.

"டாக்டர், இனிஷியல் ஒத்துப்போகல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு புது ரேஷன் கார்டு எடுத்தபோது, அலுவலகத்தில் என்னைக் கேட்காமலேயே கணவரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டார்கள். ஆதாருக்கு அதையே காட்டினோம். அதுவும் அப்படியே ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் யாருக்கும் அது கண்ணில் பட்டதில்லை, ஒரே ஒரு கோட்டுக் கண்ணைத் தவிர.

"ரெண்டும் நான்தான் சார்."

"இருக்கலாம்" என்றார் அவர் மரியாதையாக. "ஆனா இந்த டாக்டரும் இந்த ஆதார்ல இருக்கறவங்களும் ஒரே ஆள்னு என்ன அத்தாட்சி?"

நர்ஸ் அக்கா பாட்டிலை ஆட்டிவிட்டார். "சார்! உங்களுக்கு ஊசி போட்டது யாருன்னு நினைச்சிட்டிருக்கறீங்க?"

"ஊசி போட்டவங்கள எனக்கு நல்லாத் தெரியும்மா. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார் அவர். குரலில் உண்மையாகவே நெகிழ்ச்சி இருந்தது. "சர்டிபிகேட்ல இருக்கறவங்கதான் யாருன்னு தெரியல."

தகுதி பெற்ற மருத்துவர் உள்ளாரா என்ற இடத்தில், 'அடையாளம் உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதச் சொன்னார். அவர் கை வீங்கியிருந்ததால் என்னையே எழுதச் சொன்னார். என் சொந்தக் கையால் எழுதினேன்.

மாலையில் அவரை அனுப்ப வேண்டியிருந்தது. தோட்டக்காரர் முறைத்துக்கொண்டு நின்றார். "இந்த ஆளையா? நம்ம டாக்டரம்மாவ யாருன்னே தெரியலீன்னாரே, அந்த ஆளயா நான் எறக்கி உடோணும்?" நான் கெஞ்சிக் கேட்ட பிறகு, வளைவில் நின்ற அவர் காரிலேயே உட்கார வைத்து ஓட்டிப்போனார். மறுநாள் வந்து சொன்னார்: "வழி நெடுக உங்களப் பத்தித்தான் பேச்சுங்க. தங்கமான டாக்டருன்னாரு. அப்ப கையெழுத்தப் போட்டிருக்கலாமுல்லன்னு கேட்டனுங்க. அது வேற, இது வேறன்னு சொல்லிப்போட்டாருங்க."

வீட்டில் நான் கணவரிடம் எரிந்து விழுந்தேன். எல்லாம் உங்கள் இனிஷியலால் வந்த வினை என்றேன். "நான் எங்க குடுத்தேன்? அவங்களா எடுத்துக்கிட்டாங்க" என்றார் அவர். அன்று அவரோடு நான் பேசவில்லை. உண்மையில் கோபம் அவர்மீதும் இல்லை, அதிகாரிமீதும் இல்லை. இருபது வருடம் படித்தவள் பாதி வாழ்க்கைக்கு ஓர் எழுத்திலும் மீதிக்கு வேறோர் எழுத்திலும் இருந்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லையே என்று இருந்தது.

'இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்றிதழ் உண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு சாட்சிகளோடு போனால் விசாரித்துக் கொடுப்பார் என்று சொன்னார்கள். நர்ஸ் அக்காவும் மிளகுத் தோட்டக்காரரும் நான் நான்தான் என்று சாட்சி சொல்ல வந்தார்கள். தோட்டக்காரர் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்.

அலுவலர் இளைஞர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தோட்டக்காரரிடம் கேட்டார்: "இவங்கள உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"வந்த நாளாத் தெரியுமுங்க. என்ற தம்பி பொண்டாட்டியப் பொழைக்க வெச்சவங்க."

"பேர் என்ன?"

"அவளுக்குங்களா?"

"இவங்களுக்கு."

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அவசர டாக்டரம்மாங்க" என்றார்.

"அது வேலைங்க. பேரு?"

"பேரு எதுக்குங்க? டாக்டரம்மான்னு கூப்புட்டாலே வந்துருவாங்க."

அலுவலர் நர்ஸ் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா நிமிர்ந்து நின்றார். இரண்டு வருடம் என்னோடு வேலை செய்தவர். தினமும் அந்தப் பலகைக்குக் கீழே நடந்து போகிறவர். வாயைத் திறந்தார். "மேடம்…" என்றார். முகம் சிவந்துவிட்டது. "சட்டுனு வரமாட்டீங்குதுங்க. நாக்குலயே நிக்குது."

பெயர் தெரியாமல் இரண்டு பெயரும் ஒருவருடையது என்று எப்படிச் சாட்சி எழுதுவது என்று அலுவலர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எங்களை வெளியே போய்ப் பேசிக்கொண்டு அரை மணி கழித்து வரச் சொன்னார். புங்கமரத்தடியில் நின்று நான் என் பெயரை அவர்கள் இருவருக்கும் சொல்லிக் கொடுத்தேன், முதலில் அப்பா இனிஷியலோடு, பிறகு கணவர் இனிஷியலோடு. தோட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தார்.

"நல்ல பேருங்கம்மா" என்றார். "ஏனுங்க இத்தன நாளா மறைச்சு வெச்சிருந்தீங்க?"

உள்ளே போனதும் கேள்வியே கேட்காமல் இருவரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். அலுவலர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். சேந்தமங்கலத்தில் ஒரு வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரமும் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம்.

ஒன்றரை மாதம் கழித்து அதே அதிகாரி மீண்டும் வந்தார். வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து, வழியில் எங்கேயும் இறங்காமல் வந்திருந்தார். வீக்கம் இல்லாத முகத்தை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். சாதுவான, சற்றே கவலை படிந்த முகம். நர்ஸ் அக்கா அவரைத் தெரியாமல், "சீட்டு எடுத்துட்டு அந்த வரிசைல உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். அவரும் உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது.

காகிதங்களை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தார். இந்த முறை தன் கையாலேயே 'உள்ளார்' என்று எழுதினார். கிளம்பும்போது என்னிடம், "அன்னிக்கு உங்களுக்குச் சங்கடம் குடுத்துட்டேன். ஆனா நான் விட்டிருந்தா மேல உக்காந்திருக்கறவங்க கண்டுபிடிச்சு, மொத்த விண்ணப்பத்தையும் தள்ளியிருப்பாங்க" என்றார். அது உண்மையாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவரைக் கொஞ்சம் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. திட்டவில்லை. குளவிக்கடித் தழும்புக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தேன்.

அனுமதி வந்த மூன்றாம் நாள் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவனுக்கு ஐந்து நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நிமோனியா. ஒரு வாரம் படுக்க வைத்து ஊசி மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். நாங்கள் கீழே அனுப்பிவிடுவோம் என்று முடிவு செய்தே அந்தம்மா வந்திருந்தார். கம்பளி, தூக்குச்சட்டி, மாற்றுத்துணி, வளைவுகளில் தலை சுற்றினால் முகர்ந்துகொள்ள நான்கு எலுமிச்சம்பழம் என எல்லாம் மஞ்சள் பையில் தயாராக இருந்தன. அட்டையை எடுத்து நீட்டினார். கேள்விகூடக் கேட்கவில்லை. பதில் தெரிந்தவர் போல வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கயே செல்லும்மா" என்றேன்.

"இங்கயேங்களா?"

"இங்கயே. கீழ போக வேண்டாம்."

அவர் அந்த அட்டையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, பையை அவிழ்த்துக் கம்பளியை எடுத்துக் கணவருக்குப் போர்த்தினார். கம்ப்யூட்டரில் பதிவு செய்வதற்கு அன்று நெட்வொர்க் கிடைக்கவில்லை. நர்ஸ் அக்கா மொட்டைமாடிக்கு ஏறிப் போய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். "வந்துருச்சுங்க மேடம்!" என்று அவர் மேலிருந்து கத்தியபோது நோயாளி தூங்கிப்போயிருந்தார். அந்தம்மா நான்கு எலுமிச்சையையும் சமையலறையில் கொடுத்துவிட்டு, "எல்லாருக்கும் ஜூஸ் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.